தண்ணீர் நின்ற பிறகு

காலை ஆறு மணிக்கு அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும், பத்து மணிக்கு நிற்கும். நின்ற மறுநிமிடம் தெருவே சுறுசுறுப்பாகிவிடும். தையல்காரம்மா மெஷினை மிதிக்க ஆரம்பிப்பாள், ஊசிக்கு அடியில் துணி இருக்கிறதா என்றுகூடப் பார்க்க மாட்டாள். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் ரேடியோவை முழுச் சத்தத்தில் வைப்பார். அந்த நேரத்தில் அதிபரின் உரையைத் தவிர வேறெதுவும் வராது. வாத்தியாரோ பாட்டுக் கேட்பவர்போலத் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார். கடைசி வீட்டில் தேய்த்துக் கவிழ்த்த பாத்திரங்களை எடுத்து மறுபடி தேய்ப்பார்கள். இப்படிச் செய்ய வேண்டும் என்று யாரும் கூடிப் பேசவில்லை. அதிபர் ஆண்ட பதினோரு வருடத்தில் அந்தத் தெரு ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் இதுதான்.

காரணம், குழாய்க்குள் யாரோ தட்டினார்கள். டக், டக், டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று. சமையலறைக் குழாய், குளியலறைக் குழாய், தெருமுனைப் பொதுக்குழாய், எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் கேட்கும். கால் மணி நேரம் கழித்து நின்றுவிடும். தையல் மெஷினும் நிற்கும், ரேடியோவும் அணையும். பிறகு எல்லோரும் வாசலுக்கு வந்து இன்றைக்கு வெயில் நேற்றைவிட அதிகமா இல்லையா என்று பேசுவார்கள்.

தெரு முடியும் இடத்தில் பழைய ஐஸ் கம்பெனி இருந்தது. ஜன்னலே இல்லாத, இரண்டு முழம் கனத்த சுவர். வாசலில் 'பழுது பார்க்கப்படுகிறது' என்று ஒரு பலகை நான்கு வருடமாகத் தொங்கியது. பழுது பார்க்க ஆட்கள் மூடிய வண்டியில் வருவார்கள். வந்த வண்டி காலியாகத் திரும்பும். அதையும் யாரும் பார்த்ததில்லை.

அந்தத் தெருவில், கேட்கவில்லை என்று சொல்ல எந்த வழியும் இல்லாத ஒருவர் இருந்தார். அவர் தண்ணீர் இலாகாவில் கசிவு பார்ப்பவர். ஆளுயர இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையிலோ குழாயிலோ ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டு, மண்ணுக்கடியில் எங்கே குழாய் உடைந்திருக்கிறது என்று சொல்வது அவர் வேலை. இருபத்தாறு வருடமாக அதைச் செய்ததில் ஊரில் அவருக்குக் காதுக்காரர் என்றே பெயர் ஆகிவிட்டது. அவர் வீட்டு ரேடியோ அந்த நேரத்தில் பாடவில்லை. காது கேட்காதவராக அவர் நடித்தால் சிரிப்பார்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்தத் தட்டு என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரியும்.

தண்ணீர் இலாகாவில் ஒருவர் பள்ளத்துக்குள் இறங்கிக் குழாயில் வேலை செய்யும்போது, இன்னொருவர் வெகுதூரத்தில் வால்வைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கத்தினால் கேட்காத தூரம். அதனால் குழாயிலேயே தட்டிப் பேசிக்கொள்வார்கள். மூன்று தட்டினால் 'இருக்கியா?' என்று அர்த்தம். இரண்டு தட்டினால் 'இருக்கேன்.' மூன்றைக் கேட்டவன் கையில் சோற்று உருண்டை இருந்தாலும் போட்டுவிட்டு இரண்டு தட்ட வேண்டும். பதில் வராவிட்டால் உள்ளே இருப்பவன் மூழ்கிக்கொண்டிருக்கலாம், அல்லது வால்வைப் பிடித்தவன் மயங்கி விழுந்திருக்கலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பிறகு அது மூளையில் இருக்காது, கையில் இருக்கும்.

ஊரில் அந்த வேலை முழுதாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் காதுக்காரர். இன்னொருவன் அவர் மச்சினன், மனைவியின் கூடப்பிறந்த ஒரே தம்பி. அவனை இலாகாவில் சேர்த்துவிட்டது இவர்தான். நல்ல வேலைக்காரன், ஆனால் வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் மாதாந்தரக் கூட்டத்தில் எழுந்து, "பூட்டிக் கிடக்கிற ஐஸ் கம்பெனிக்கு எதுக்குங்க தினமும் இவ்வளவு தண்ணி போகுது? பூட்டு தண்ணி குடிக்குதா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த நாள் அவன் வேலைக்கு வரவில்லை. பத்து நாள் கழித்து டைப் அடித்த கடிதம் ஒன்று வந்தது. 'வெளிநாட்டில் நல்ல வேலை கிடைத்து அவசரமாகக் கிளம்ப வேண்டியதாயிற்று. இங்கே குளிர் சற்று அதிகம். மற்றபடி நலம்.' மாதம் தவறாமல் அதே போல ஒரு கடிதம் வந்துகொண்டிருந்தது. எல்லாவற்றிலும் குளிர் சற்று அதிகமாகவே இருந்தது.

அவர் மனைவி அந்தக் கடிதங்களை அலமாரியில் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். அவன் போனதிலிருந்து அவள் ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டாள். கல்யாணமான புதிதில் அவர் வேலை முடிந்து வந்து கதவைத் தொழில் வழக்கப்படி மூன்று தட்டுவார். அவள் உள்ளேயிருந்து கரண்டியால் குழாயில் இரண்டு தட்டிவிட்டு வந்து திறப்பாள். அவருக்கு வலது கை விரல் ஒன்று பழைய விபத்தில் விறைத்துப் போனதால் மூன்றாவது தட்டு எப்போதும் கொஞ்சம் தாமதமாக விழும். "உங்க மூணாவது தட்டு மட்டும் பஸ்ஸை விட்டுட்டு நடந்து வருது" என்று கேலி செய்வாள். கோபமாக இருந்தால் உடனே தட்ட மாட்டாள். நிதானமாக நூறு எண்ணிவிட்டுத்தான் கரண்டியை எடுப்பாள். அவரும் வெளியே நின்று எண்ணிக்கொண்டிருப்பார். இருபத்து மூன்று வருடம் நடந்த விளையாட்டு. தம்பி போன பிறகு அவர் மூன்று தட்டுவார், கதவு திறக்கும், அவ்வளவுதான்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுத்தது புதிதாகக் குடிவந்த ஒரு மாமியார். யாரோ ஒரு பெரிய அதிகாரியின் மாமியார். அந்த அம்மாவுக்குத் தெருவின் பழக்கவழக்கம் தெரியாது. இரண்டாம் நாளே வாசலில் நின்று, நாலு பேர் கேட்க, "என்னங்க இது, எங்க வீட்டுக் குழாய்ல யாரோ தட்டுறாங்க?" என்று கேட்டுவிட்டாள். தையல்காரம்மா கேட்காதது போலக் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வாத்தியார் செருப்பைத் தேடினார். அந்த அம்மா விடவில்லை, மருமகனுக்குப் போன் போட்டாள்.

மறுநாள் மஃப்ளர் வந்தார். பாதுகாப்பு இலாகாக்காரர். வெயிலோ மழையோ கழுத்தையும் காதையும் சேர்த்துச் சுற்றிய கம்பளி மஃப்ளர் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அதட்டிப் பேசத் தெரியாதவர். எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். அதனாலேயே அவரைக் கண்டால் எல்லோருக்கும் பயம். கையில் ஒரு கட்டுக் காகிதம். ஒவ்வொன்றிலும் ஒரே வரி அச்சடித்திருந்தது: 'என் வீட்டில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை.'

நாலைந்து நாள் அவர் வேண்டுமென்றே பத்து மணிக்குப் பிறகுதான் வந்தார். வீடு வீடாகப் போய், சமையலறையிலேயே உட்கார்ந்து, குழாய்க்கு எதிரில் காகிதத்தை நீட்டினார். ரேடியோவை அணைக்கச் சொன்னார், தையல் மெஷினை நிறுத்தச் சொன்னார். டக், டக், டக் என்று குழாய் தட்டிக்கொண்டிருக்க, அதன் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்கவில்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். வாத்தியார் ஒருமுறைக்கு இரண்டு முறை போட்டார். புகார் சொன்ன மாமியாரும் போட்டாள். அதற்குள் அந்த அம்மாவுக்குத் தெருவின் பழக்கம் பிடிபட்டுவிட்டது.

கடைசி நாள் காதுக்காரர் வீட்டில் அவர் மனைவி பேனாவை வாங்கினாள். சமையலறையில் இருந்த ஒரே ஸ்டூலில் மஃப்ளர் உட்கார்ந்திருந்தார். அதற்கு ஒரு கால் கட்டை. அவர் அசையும்போதெல்லாம் லொடக்கென்று ஆடியது. குழாயில் மூன்று தட்டு விழுந்தது. அவள் கண் குழாய்ப் பக்கம் போகவே இல்லை. கையெழுத்தைப் போட்டு, தேதியையும் போட்டாள்.

"உங்க தம்பி சௌக்கியமா இருக்காராம்மா?" என்று கேட்டார் மஃப்ளர்.

"நல்லா இருக்கான். அங்க குளிர்தான் கொஞ்சம் அதிகமாம்."

"கேள்விப்பட்டேன்" என்றார் மஃப்ளர். பிறகு காதுக்காரர் பக்கம் திரும்பினார். "சத்தம் இல்லைன்னு தெருவே சொல்லிடுச்சு. நானும் மேல எழுதி அனுப்பிடுறேன். ஆனா இல்லாத சத்தத்தை இனிமே யாரும் கேக்கக் கூடாதில்லையா? வாங்க, குழாயைப் பாத்துட்டு வந்துடலாம்."

ஐஸ் கம்பெனி வாசலில் இருந்த இரும்பு மூடியைத் தூக்கினால் கீழே ஒரு குழி. கட்டிடத்துக்குப் போகும் குழாய் தெருக் குழாயிலிருந்து அங்கேதான் பிரிகிறது. காதுக்காரர் இறங்கினார். மஃப்ளர் மேலே குந்திக்கொண்டார். குழிக்குள் குளிர்ச்சியாக இருந்தது. குழாய் அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. அவர் கம்பியைக் குழாயில் ஊன்றிக் காதைக் கொடுத்தார்.

வீட்டில் கேட்பது வேறு, கம்பியில் கேட்பது வேறு. கம்பியில் கேட்டால் தட்டுபவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். இரும்பில் படுவது கல்லா விரல் எலும்பா என்று சொல்லிவிடலாம். இது எலும்பு. தட்டுக்கு முன்னால் மூச்சு இழுப்பதுகூட அவருக்குக் கேட்டது, அல்லது கேட்டதாகத் தோன்றியது.

டக், டக், டக்.

அவர் கையில் ஸ்பானர் இருந்தது. இரண்டு தட்டிவிட்டார்.

யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்கவே மாட்டார். தட்டி முடித்த பிறகுதான் தலைக்கு மேல் ஒரு மஃப்ளர் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது.

"என்ன பண்ணீங்க?" என்றார் மஃப்ளர், மென்மையாக.

"குழாய் அரிச்சிருக்கான்னு தட்டிப் பாத்தேன் சார்."

குழாய்க்குள் ஒன்றும் இல்லை. நாலைந்து மூச்சு விடும் நேரம் அப்படியே இருந்தது. பிறகு வந்தது. மூன்று மூன்றாக அல்ல. ஒரே சமயத்தில் இருபது இடத்தில், முப்பது இடத்தில், கிட்டத்தில், தூரத்தில், மேலே, அடியில், விரலாலும் கல்லாலும் எதெதாலோ தட்டினார்கள். ஒன்றும் ஒன்றும் மோதிக் கம்பியே அதிர்ந்தது. ஒரு கட்டிடம் முழுக்க ஆட்கள் இத்தனை மாதமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த இரண்டு தட்டுக்காகவே காத்திருந்திருக்கிறார்கள். காதுக்காரருக்குக் கம்பியைக் காதிலிருந்து எடுக்க மனமும் வரவில்லை, வைத்திருக்கத் தெம்பும் இல்லை.

"என்ன கேக்குது?"

"காத்து சார். குழாய்ல காத்து அடைச்சிருக்கு."

"காத்துக்கு என்ன மருந்து?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். தொழில் தெரிந்தவன் என்பதால் சொல்லித் தொலைத்தார். "நடுவுல ஒரு ரப்பர் இணைப்பு போட்டா சத்தம் இந்தப் பக்கம் வராது. பெரிய குழாய்ச் சந்திப்புல ஏற்கனவே ஒண்ணு இருக்கு, அதனாலதான் இது இந்தத் தெருவைத் தாண்டிப் போகல."

"அப்ப இங்கயும் ஒண்ணு போட்டுடுங்க. நாளைக்கு" என்றார் மஃப்ளர்.

அன்று சாயங்காலம் அவர் கதவை மூன்று தட்டினார். கதவு திறந்தது. சாப்பாட்டை வைத்துவிட்டு அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அது நம்ம தம்பிதான்" என்றார் அவர். "இலாகா தட்டு. வெளியாளுக்கு அது தெரியாது. நான் ரெண்டு தட்டிட்டேன், நாளைக்கு ரப்பர் போட்டு அடைக்கச் சொல்றாங்க."

"என் தம்பி வெளிநாட்டுல இருக்கான்."

"தையல்காரம்மா வீட்டுக்காரர் வெளிநாட்டுலேர்ந்து எழுதற லெட்டரைப் பாத்திருக்கியா? அங்கயும் குளிர் சற்று அதிகம்தான். வரி வரியா அதே லெட்டர்."

அவள் திரும்பினாள். இத்தனை மாதத்தில் அன்றுதான் அவரை நேராகப் பார்த்தாள். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? ரெண்டாவது லெட்டர் வந்த அன்னைக்கே அவளும் நானும் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தோம். பாத்துட்டு மடிச்சு வச்சிட்டோம். நம்பலைன்னா காலையில எந்திரிச்சு எப்படிங்க அடுப்பு மூட்டறது?" தட்டை அவர் பக்கம் தள்ளினாள். "அவன் வாயால போனான். நீங்க கையால போயிடாதீங்க. எனக்கு மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தான். சொன்ன மாதிரி ரப்பரைப் போட்டுட்டு வாங்க."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ரப்பரைப் போட்டால் அவள் புருஷன் அவளுக்கு இருப்பார். உள்ளே இருப்பவர்கள் தட்டுவார்கள், தட்டுவார்கள், ஒருநாள் விரல் ஓய்ந்து நிறுத்திவிடுவார்கள். அவர் பதில் தட்டியிருக்காவிட்டால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். 'இருக்கேன்' என்று சொல்லிவிட்டு இல்லாமல் போவது எப்படி? படுக்கையில் கிடந்து, இலாகாவில் யாரும் அதைச் செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் ஸ்டோரில் மிச்சமிருந்த ஒரே ரப்பர் இணைப்பை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். அது ஒரு முழ நீளம். நடுவில் தடித்த ரப்பர், இரு பக்கமும் இரும்பு விளிம்பு. ரப்பர் பிய்ந்துவிடாமல் இருக்க விளிம்புக்கு விளிம்பு எட்டு நீளமான போல்ட் போட்டிருக்கும். ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் ஒரு ரப்பர் வாஷர். அந்த வாஷர் இருக்கிறவரை இரும்பில் இரும்பு படாது, சத்தமும் தாண்டாது. வாஷரை எடுத்துவிட்டு இறுக்கினால் நடுவில் எவ்வளவு ரப்பர் இருந்தும் புண்ணியமில்லை. சத்தம் போல்ட் வழியாக நடந்து போய்விடும். மேலேயிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவர் எட்டு வாஷரையும் எடுத்துச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டார். நட்டுகளை இறுக்கினார். பிறகு ஒவ்வொரு போல்ட்டின் முனையையும் சுத்தியலால் அடித்து நசுக்கினார். இனி அந்த நட்டைக் கழற்ற யாராலும் முடியாது, குழாயை அறுத்தால்தான் உண்டு.

"எதுக்கு அடிக்கிறீங்க?" என்று மேலேயிருந்து கேள்வி வந்தது.

"கழண்டு வந்துடக் கூடாதில்ல சார்."

மஃப்ளர் குனிந்து பார்த்தார். கறுப்பு ரப்பர் நன்றாகத் தெரிந்தது. திருப்தியாகத் தலையாட்டினார். சந்திப்பிலும் ஒரு தடவை அழுத்தம் பார்க்க வேண்டும் என்று காதுக்காரர் சொன்னதற்கு, "பாருங்க பாருங்க, வேலைன்னா முழுசாப் பண்ணணும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். சந்திப்பில் பழைய இணைப்பு இருந்தது. ஊரின் எல்லாத் தெருவுக்கும் தண்ணீர் அங்கிருந்துதான் பிரியும். அங்கேயும் ஒரு எட்டு வாஷரை எடுத்து, போல்ட் முனைகளை நசுக்கிவிட்டார். வெளியே வரும்போது டப்பாவில் பதினாறு இருந்தது. சாப்பாட்டை நாய்க்குப் போட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து டப்பாவைக் கழுவப் போட்டபோது அவள் திறந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் தம்பியும் புருஷனும் இருபது வருடம் சமையலறையில் உட்கார்ந்து பேசிய பேச்சில் வாஷர் எதற்கு என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போனாள். அன்று முழுவதும் அவர் கேட்ட எதற்கும் பதில் இல்லை.

அடுத்த நாள் காலை பத்து மணிக்குத் தண்ணீர் நின்றது.

தையல்காரம்மா மெஷினை மிதித்தாள். அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்தது மற்றவர்களுக்கு. முடிவெட்டும் கடையில் பாதி சவரத்தில் கத்தி நின்றது, முகம் கழுவும் தொட்டிக்குழாய் மூன்று தட்டியது. ஆஸ்பத்திரியில் எல்லா வார்டிலும் தட்டியது. நோயாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் தட்டியது. ராணுவக் கொட்டடியில் தட்டியது. அதிபர் படம் மாட்டிய தலைமை அலுவலகத்தில், படத்துக்கு நேர் கீழே இருந்த கைகழுவும் இடத்தில், படமே பேச எத்தனிப்பது போலத் தட்டியது. ஒரு ஊருக்கே ஒரே கணத்தில் வாய் அடைத்தது. மறைக்க யாரிடமும் ரேடியோ தயாராக இல்லை. அந்தக் கால் மணி நேரமும் ஊரே நின்ற இடத்தில் நின்று கேட்டது. பதில்தான் யாரும் தட்டவில்லை.

மத்தியானம் மஃப்ளர் நாலு பேருடன் வந்தார். கோபம் எதையும் காட்டவில்லை. ஒரு மெக்கானிக்கைக் குழிக்குள் இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். அவனுக்குக் குழாய் தெரியாது, வாஷர் இல்லாத போல்ட்டைத் தெரியும். கழற்றச் சொன்னால் கழறவில்லை. அறுக்க வேண்டும் என்றால் ஊருக்கே தண்ணீர் நிற்கும், அதற்கு மேலிடத்தின் கையெழுத்து வேண்டும். எதற்காக என்று எழுதிக் கேட்பது? சத்தமே இல்லை என்று தெருவே கையெழுத்துப் போட்ட காகிதத்தை முந்தாநாள்தான் அவரே அனுப்பி வைத்திருந்தார். எழுதினால் அடுத்த மூடிய வண்டியில் அவர் போக வேண்டியிருக்கும். பாவம், மனிதர் மஃப்ளருக்குள் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"வாஷர் எங்கேங்க? சாட்சிக்கு அதாவது வேணுமில்ல?" என்று கேட்டார்.

"தெரியல சார்" என்றார் காதுக்காரர்.

வீட்டைப் புரட்டிப் போட்டார்கள். அடுப்புச் சாம்பலைக் கிளறினார்கள், அரிசியைக் கொட்டினார்கள், கடிதக் கட்டைப் பிரித்து உதறினார்கள். அவள் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மஃப்ளர் களைத்துப்போய்ச் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்டூல் ஆடவில்லை.

காதுக்காரர் அதைக் கவனித்தார். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டினார். ஸ்டூலின் நாலு காலும் கறுப்பாக எதிலோ ஏறி நின்றன. கட்டைக் காலுக்கு அடியில் ஒரு மரச் சில்லும் இருந்தது. அலமாரியும் அதேபோல ஏறி நின்றது. கட்டிலும் மேஜையும்கூட. நாலு நாலு பதினாறு. அவளைப் பார்த்தார். அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள், முகத்தில் கோபம் மட்டும்தான் இருந்தது.

அவரை அழைத்துப் போகும்போதும் அவள் பேசவில்லை. வாசல்வரை வரவும் இல்லை. கதவு உள்ளேயிருந்து சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

ஐஸ் கம்பெனிக்குள் வெளிச்சம் இல்லை. முன்பு ஐஸ் அடுக்கிய அறைகளில் ஆட்களை அடுக்கியிருந்தார்கள். அவரைத் தள்ளிய அறையில் ஏழெட்டுப் பேரின் மூச்சு கேட்டது. இருட்டில் ஒரு குரல் வந்தது. "பாத்து உக்காருங்க. வலது பக்கம் குழாய் இருக்கு, தலை இடிக்கும்."

அந்தக் குரலை அவருக்குத் தெரியும். தெருவுக்குக் கடிதம் கொண்டுவரும் பழைய தபால்காரர். வேறு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டதாகச் சொல்லியிருந்தார்கள்.

"வெளிநாட்டு லெட்டர்ல எல்லாம் நம்ம ஊரு முத்திரை இருந்துச்சுங்க" என்றார் தபால்காரர். "ஏன்னு கேட்டேன். கேட்டுட்டு இங்க வந்துட்டேன். நீங்க எப்படி?"

அவர் சொன்னார். குழிக்குள் இறங்கியதைச் சொன்னதும் இருட்டில் எல்லோரும் நெருங்கி வந்தார்கள்.

"அப்ப முந்தாநாள் ரெண்டு தட்டினது நீங்கதானா?" தபால்காரர் கை தேடி வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டது.

"என் மச்சினன் எந்த ரூம்ல இருக்கான்?"

"குழாய்க்காரத் தம்பியா? அவரைப் போன மழைக்கு முன்னாடியே மாடிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. மாடியிலேர்ந்து யாரும் கீழ வந்ததில்லீங்க."

"அப்ப தினம் தட்டினது?"

"அவர் பக்கத்துல இருந்தவருக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போனாரு. அவரும் போயிட்டாரு. அவர் இன்னொருத்தருக்குச் சொல்லியிருந்தாரு. இப்ப நான் பத்தாவது ஆளு. அந்தத் தம்பியை நான் பாத்ததுகூட இல்ல. ஆனா அவர் சொன்னது அப்படியே வந்துக்கிட்டு இருக்கு. 'மூணு தட்டிக்கிட்டே இருங்க. எங்க அத்தான் காதுல என்னைக்காவது விழும். விழுந்துட்டா தட்டாம இருக்க அவரால முடியாது.'"

காதுக்காரர் குழாயில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். இருட்டு என்பதால் மறைக்க வேண்டியிருக்கவில்லை. ஒருவர் மாற்றி ஒருவராகப் பத்துப் பேர் கையில் அவர் மச்சினன் தட்டிக்கொண்டிருந்திருக்கிறான். அவள் வீட்டில் குழாயைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட அன்று, தட்டியது அவள் தம்பி இல்லை. அதை அவளுக்கு எப்படிச் சொல்வது?

அங்கே நேரம் தெரியாது, குழாய்தான் கடிகாரம். விடிந்ததும் உள்ளே தண்ணீர் ஓடும் இரைச்சல் தொடங்கியது. வெகுநேரம் ஓடியது. பிறகு நின்றது. மணி பத்து.

"நீங்களே தட்டுங்க" என்றார் தபால்காரர்.

அவர் விரலை மடக்கித் தட்டினார். ஒன்று, இரண்டு. விறைத்த விரல் காரணமாக மூன்றாவது கொஞ்சம் தாமதமாக விழுந்தது.

குழாயில் காதை வைத்தார். ஒன்றும் இல்லை. இரும்புக்குள் இருக்கும் வெறுமைக்கு ஒரு சத்தம் உண்டு, அதுதான் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அப்பால் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஆட்கள் குழாயைப் பார்த்துக்கொண்டு மூச்சுவிடாமல் நிற்பதும் அவருக்குக் கேட்பது போலிருந்தது. அறையில் இருந்தவர்களும் மூச்சு விடவில்லை.

"யாரும் தட்ட மாட்டாங்க" என்றது இருட்டில் ஒரு குரல்.

"இருங்க" என்றார் அவர்.

அவர் எண்ணிக்கொண்டிருந்தார். பழைய வழக்கம், கதவுக்கு வெளியே நின்று எண்ணியது போலவே, அவசரப்படாமல் எண்ணினார். நாற்பது. எழுபது. தொண்ணூறு. தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. நூறு.

கரண்டிச் சத்தம். இரண்டு தட்டு.

அவள் கடும் கோபத்தில் இருந்தாள். தட்டிய விதத்திலேயே தெரிந்தது. அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மறுபடி மூன்று தட்டக் கையை எடுப்பதற்குள் இன்னொரு இரண்டு வந்தது; இது இரும்பில் இரும்பு, தையல்காரம்மாவின் கத்தரிக்கோலாக இருக்க வேண்டும். அடுத்து எங்கோ சந்திப்புக்கு அந்தப்புறமிருந்து, தெரியாத வீட்டிலிருந்து, தெரியாத கை ஒன்று இரண்டு தட்டியது. அப்புறம் எண்ண முடியவில்லை.